அல்பேர்ட் காட்டாத தாள்

கெல்சென்கிர்ச்சன்
17.11.1996

யேசு மரி சூசை துணை

மச்சாள் றோசம்மாவுக்கு உன் அண்ணன் பெண்சாதி திரேசம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வருத்தம் எப்படி? வழக்கமாக நான் சொல்லச் சொல்ல மருமகள் பிறேமாதான் எழுதுவாள். இதை அவளிடம் சொல்ல ஏலாது. மூன்றாம் வகுப்புப் படித்த கை, எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்து வாசி.

போன சனிக்கிழமை டிவியில் பழைய அமெரிக்கப் படம் ஒன்று போனது. பேச்செல்லாம் ஜெர்மன். பேத்தி பிறின்சி சொல்லித்தந்தாள். ஒரு பத்திரிகைக் கந்தோர். கொலைகாரன் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தும், ஆசிரியர் அவன் பெயரை வெட்டிவிட்டுப் பேப்பர் அடிக்கிறார். பிறகு ஊர் கேள்வி கேட்க, செய்தி எழுதிய மனிதன் விட்ட பிழை என்று அவனை வேலையால் நிற்பாட்டுகிறார். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் படியிறங்கிப் போகிறான். அப்பம்மா, அந்தக் கிழவனுக்கு வெக்கமில்லையோ என்று பிறின்சி கேட்டாள். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன்.

உன் அண்ணன் யோசேப்பு மோசம் போனபோது, மரண அறிவித்தலில் சகோதரர் வரிசையில் உன் பெயர் இல்லை. அந்தப் பேப்பர்த் துண்டைப் பார்த்த உன் ஊர்ச் சனம் நீ கூடப்பிறந்தவள்தானோ என்று கேட்டதாக அழுது எழுதினாய். இங்கே தமிழ்ப் பேப்பர் நடத்திய அல்பேர்ட் விட்டுவிட்டான் என்று பதில் எழுதுவித்தேன். கோயிலடியிலும் அதையே சொன்னேன்.

பொய் மச்சாள். பெயர்களை எழுதிக் கொடுத்தது நான். அன்ரி, மன்னாரிலை யோசேப்பு ஐயாவின்ரை தங்கச்சி ஒராள் இருக்கிறா எல்லே என்று அவன் கேட்டான். நான் எழுதினதைப் போடு தம்பி என்றேன். என் கலியாணப் பந்தலில், பச்சைச் சீலை கட்டிக்கொண்டு, அண்ணைக்கு இந்தக் கறுப்பிதானோ கிடைச்சவள் என்று நீ சிரித்தாயே. நாற்பது வருஷமாகப் போகிறது. நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் அதற்கு நான் செய்தது கூடிப்போச்சு.

ஒரு அறிவித்தலையே ஒழுங்காகப் போடத் தெரியாதவன் என்று சனம் அல்பேர்ட்டைத் திட்டியது. கடைக்காரர் விளம்பரம் நிறுத்த, பேப்பரும் நின்றது. இப்போது பேக்கரியில் தட்டுக் கழுவுகிறான். என் கையெழுத்துத் தாள் அவனிடம்தான் இருந்தது. ஒருவருக்கும் காட்டவில்லை.

நேற்று அவனிடம் போனேன். ஆண்டு நினைவுக்குத் தனித்தாளாக ஒரு அறிவித்தல் அடித்துத் தா, பெயர் விடுபட்டது என்னால்தான் என்று கீழே போடு என்றேன்.  இந்த முறை அவவின்ரை பெயரை அவவே எழுதி அனுப்பட்டும் அன்ரி, உங்கடை கையெழுத்தை நான் இனி நம்பமாட்டன் என்றான்.

இதோடு ஒரு வெறுந்தாள் வைத்திருக்கிறேன். உன் பெயரை உன் கையால் எழுதி அனுப்பு. மனம் வராவிட்டால் அந்தத் தாளில் என்னைத் திட்டியாவது எழுது. வெறுந்தாளாக மட்டும் திருப்பிவிடாதே.

மடு மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அண்ணன் கட்டிய கறுப்பி,
திரேசம்மா