வலப்பக்கத்துப் பதக்கம்

சகல வீரப் பிரதாபங்களும் ஒருங்கே பொருந்திய சுபேதார் மச்சானுக்கு, வானவடிக் குடியிருப்பின் நாலாவது மாடியிலிருந்து, ஜென்மத்தில் துப்பாக்கியைத் தொடாத உன் மாப்பிள்ளை எழுதிக்கொண்டது.

இன்று காலை உன் கோட்டு சலவைக்கடையிலிருந்து வந்தது. உன் மகள் விமானம் ஏறும் முன் பதக்கப் பெட்டியோடு சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கருநீலக் கோட்டுதான். கடைக்காரன் அதை விரித்துக் காட்டினான். இந்த ஊர்ப் பேச்சில் மாமாவுக்குக் காகா. காகா, இடப்பக்கம் ஊசி ஓட்டை இருப்பது சரி, பட்டாளத்துக்காரர் கோட்டில் இருக்கத்தான் செய்யும். வலப்பக்கமும் ஒன்று இருக்கிறதே, அது எங்கள் கடையில் விழுந்ததில்லை, பிறகு எங்களைச் சொல்லாதீர்கள் என்றான். நான் கோட்டை மூக்கருகே கொண்டுபோனேன். என்னென்ன ரசாயனத்தில் முக்கி எடுத்தானோ, பித்தளைக்குப் போடும் மெருகுப் பசையின் வாடை இன்னும் போகவில்லை. இடப்பக்கம் லேசாக இருந்தது. வலப்பக்கம், நீ இப்போதுதான் தேய்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனதுபோல் இருந்தது.

குடியரசு தினத்துக்கு நீ பதக்கம் தேய்க்கிற தேய்ப்பில் சூரியன் கூச்சப்பட்டு அரைமணி தாமதமாக உதித்த வருடங்கள் உண்டு. வானிலைத் துறைக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். நம் வாசல் காவலாளிக்கு ஏஜென்சிக்காரன் கொடுத்த உடுப்பு தோளில் நட்சத்திரம், மார்பில் சிவப்புக் கயிறு, தொப்பியில் கழுகு என்று ஜொலிக்கும். மூன்று நாடுகளைத் தனியாளாகப் பிடித்து வந்தவர் மாதிரி நிற்பார். நிஜமாகவே சண்டையைப் பார்த்த நீ, அவர் பக்கத்தில் வெறும் கோட்டில் நிற்பாய். மகள் கல்யாணத்துக்காவது பழைய சீருடையை மாட்டிக்கொள்ளேன் என்று நச்சரித்தேன். "அது அரசாங்கத்தோட உடம்பு மாப்ளே. திருப்பிக் குடுத்தாச்சு" என்றாய். கோட்டும் அதன்மேல் நான்கு பதக்கங்களும் மட்டும்தான் நீ உனக்கு அனுமதித்துக்கொண்டவை. மூன்றுக்கு நீ கதை சொல்வாய். நாலாவதைக் கேட்டால், காயம்பட்டவனுக்குக் கொடுப்பது என்பதோடு சரி. இடது காலை ஏன் இழுக்கிறாய் என்றால் வாதம் என்பாய்.

எந்தப் பக்கம் குத்துவது என்பதையும் நீதான் எனக்குச் சொன்னாய். தன்னுடையது இடப்பக்கம். செத்தவனுடையதை அவன் வீட்டார் குத்திக்கொண்டால் வலப்பக்கம். பார்த்தவுடன் தெரிந்துவிடும், இவன் சம்பாதித்தானா, இழந்தானா என்று.

இனி என் பாவத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன்.

நீ என் வீட்டில் மறந்துவிட்டுப் போன அரை ஜாக்கெட்டில் உன் படைப்பிரிவின் பேட்ஜ் இருந்தது. கன்னியாகுமரி வண்டியில் ஊருக்குப் போகும்போது, குளிருக்கு என்று அதைப் போட்டுக்கொண்டேன். குளிருக்கு மட்டும் இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். தட்டையான பாதம் என்று இருபது வயதில் பட்டாளத்தில் சேர்க்காமல் என்னைத் திருப்பி அனுப்பினார்களே, அந்தப் பாதங்களுக்கு ஒருநாள் மரியாதை வாங்கித் தர ஆசைப்பட்டேன். கிடைத்தது. டிக்கெட் பரிசோதகர் சல்யூட் வைத்தார். பாணேரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் ஒருவன் தன் கீழ்ப் படுக்கையைக் கொடுத்தான். சும்மா இருப்பேனா? பனிமலையில் என் மூக்கு கழன்று விழுந்ததையும், அதைத் தேடி எடுத்து எச்சில் தொட்டு ஒட்டியதையும், அவசரத்தில் சற்றுக் கோணலாக ஒட்டிவிட்டதையும் மறுநாள் காலை குண்டக்கல் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். பெட்டியே கேட்டது.

எதிரில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சின்ன மகனைப் பார்த்துவிட்டுக் குடியாத்தம் பக்கம் தன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பேட்ஜையே பார்த்தபடி இருந்தவள், தன் பெரிய மகனும் இதைத்தான் குத்தியிருந்தான், பெயர் குமரேசன், தெரியுமா என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், மச்சான். என் வாய் அதற்குள் கிளம்பிவிட்டது. குமரேசனா, தெரியாமலா, போன மாதம்கூடப் பார்த்தேனே என்றேன். ஒல்லியான ஆள், முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், சிரித்தால் விசில் அடிக்கும், தயிர்ச்சோற்றுக்குச் சர்க்கரை கேட்பான் என்று ஒவ்வொன்றாக அந்த நிமிடத்திலேயே செய்து கொடுத்தேன்.

அவள் டப்பாவைத் திறந்து, பொடி தடவிய இட்லி இரண்டை எடுத்து என் கையில் வைத்தாள். நான் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பல் எட்டு வயதில் கிணற்றுமேட்டில் விழுந்து உடைந்தது என்றாள். எனக்கு ஒரு பெருமை வந்தது. குருட்டாம்போக்கில் எறிந்த கல்லில் மாங்காய் விழுந்த பெருமை. அது அடங்குவதற்குள் கேட்டாள்.

"அவன் செத்து பதினெட்டு வருசம் ஆவுது. எங்க பாத்தீங்கண்ணா?"

அழவில்லை, கோபப்படவில்லை. வழி கேட்கிறவள் மாதிரி கேட்டாள். நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேட்ஜைக் கழற்றினேன். ஊசி விரலில் ஏறியது. காட்பாடியில் இறங்கும்போது அவள் தன் ஊரையும், பஸ்ஸையும், தபால்காரரிடம் ராணியம்மா என்று கேட்டால் போதும் என்பதையும் நிதானமாகச் சொன்னாள். ஒருநாள் வாங்க என்றாள்.

திரும்பி வந்ததும் காலை நடையில் உன்னிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். பேரைக் கேட்டதும் நின்றுவிட்டாய். என்னவெல்லாம் சொன்னாய், ஒன்று விடாமல் சொல் என்றாய். சொன்னேன். பல், விசில், சர்க்கரை. இரு சக்கர வண்டிகள் நம் இருபுறமும் போய்க்கொண்டிருந்தன. நீ நகரவே இல்லை.

"அவனைப் பத்தி உன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினது கிடையாது மாப்ளே. உன்கிட்டன்னு இல்ல. யார்கிட்டயும்."

அன்றுதான் நாலாவது பதக்கத்தின் கதையைச் சொன்னாய். முதல் குண்டு உன் காலில் பட்டதையும், குமரேசன் உன்னைப் பனி மூடிய பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டதையும், இரண்டாவது குண்டு அவனுக்கு என்று இருந்ததையும். அவன் பெட்டியை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க உன்னைத்தான் அனுப்புவதாக இருந்தார்களாம். கால் ஆறவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாயாம். ஆறியிருந்ததாம்.

அதற்குப் பிறகுதான் விவகாரம் விபரீதமாகப் போனது. தினமும் நடையில், அரசியலையும் சர்க்கரை அளவையும் விட்டுவிட்டு, அவன் இப்போது என்ன செய்கிறான் என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாய். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். உன் மனசு ஆறட்டும் என்று ஏதோ சொல்வேன். பூட்சுக்குப் பாலிஷ் போடுகிறான், எப்போதும் இடது காலில்தான் ஆரம்பிப்பான் என்றேன். "ஆமா" என்றாய். தூங்கும்போது கைக்கடிகாரத்தைத் தொப்பிக்குள் வைப்பான் என்றேன். அதற்கும் "ஆமா" என்றாய். வாழ்நாள் முழுக்க என் பொய்களை யாரும் நம்பவில்லை என்று வருத்தப்பட்டவன் நான். அவை ஒவ்வொன்றாக நிஜமாகிக்கொண்டு வந்தபோது, பட்டப்பகலில், பால் பூத்துக்குப் பக்கத்தில், உன்னை விட்டு இரண்டடி தள்ளி நடந்தேன். பொய் சொல்வதையே நிறுத்தினேன். ஒரு வாரம் நான் உண்மையாகவே பேசியதைப் பார்த்த என் மனைவி, ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னாள்.

அந்தக் குடியரசு தினத்தில் நீ படியிறங்கி வந்தபோது மூன்று பதக்கம் இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். கொடிக்கம்பத்தருகே பேச்சு அடங்கியது. காவலாளி மூன்று நாட்டு மகுடத்தோடு ஓடிவந்து, "சாப், உல்டா லக் கயா", பக்கம் மாறிவிட்டது என்று காதோடு சொன்னார். கண்ணாடியைப் பார்த்துக் குத்தியிருப்பார் என்று செக்ரட்டரி சிரித்தார். நானும் சிரித்தேன், மச்சான். மாடிப்படியில் உன் கையைப் பிடித்து, என்ன கூத்து இது என்று கேட்டேன்.

"காயம் என்னுது. பதக்கம் அவனுது. நான் அவன் வீட்டு ஆளா நின்னேன்" என்றாய்.

அப்போதுதான் கேட்டாய், என்னை அவன் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போ என்று. ஊர் உனக்குத்தானே தெரியும், நீ வந்தால் போதும், பேசுவது நான் என்றாய். சுலபமான காரியம். ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில். நான் என்ன செய்தேன்? வெயிட்டிங் லிஸ்ட் என்றேன். மழை என்றேன். மனைவிக்கு மூட்டுவலி என்றேன். அவள் அப்போது நாலாவது மாடிக்கு ஓடி ஏறிக்கொண்டிருந்தாள். உனக்கு ராணியம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அவள் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது. என் பயம் ஜெயித்தது. ஆடி மழையில் ஒரு நாள் காலை நடைக்கு நீ வரவில்லை. மேலே வந்து பார்த்தபோது, நாற்காலியிலேயே போய்விட்டிருந்தாய். ஒரு ஷூவின் கயிறு மட்டும் கட்டியிருந்தது. இடது கால்.

மகள் பெட்டியைக் கொடுக்கும்போது, நாலாவதை எங்கே சேர்க்கணும்னு மாமாவுக்குத் தெரியும்னு அப்பா சொன்னார் என்றாள். அவளுக்குத் தெரியாது, எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று.

போன மாதம் போனேன். பேட்ஜ் இல்லை, ஜாக்கெட் இல்லை. தபால்காரர் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்திலேயே ராணியம்மா உட்கார்ந்திருந்தாள். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குள், ஆணியில் அவன் சீருடை தொங்கியது. மாதம் ஒருமுறை துவைத்து இஸ்திரி போடுவாளாம். துவைத்துத் துவைத்து நிறம் வெளிறிவிட்டது. ஆனால் கழுத்துப்பட்டையும் முழங்கையும் மட்டும் தேய்ந்திருந்தன, தினம் போட்டுக் கழற்றுகிறவன் சட்டை தேய்கிற இடத்தில்.

உன் கதையை நீ சொன்னபடியே சொன்னேன். ஒரு சுண்டுவிரல்கூட மிகைப்படுத்தவில்லை. ஆறிப்போன கால் உட்பட. அவள் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதை எந்தப் பக்கம் குத்துவது என்று கேட்டாள். அவனுடையது என்றால் இடப்பக்கம் என்றேன். சட்டையைச் சுவரிலிருந்து எடுக்காமலே, ஒரு கையை அதற்குள் விட்டுத் தாங்கி, இடப்பக்கம் குத்தினாள். குழந்தைக்கு ஊக்கு குத்துகிறவளைப் போல, உள்ளே இருப்பதில் படாமல்.

பிறகு என் பங்கு. கைகூப்பி, அம்மா, அன்றைக்கு ரயிலில் நான் சொன்னது பொய், நான் பட்டாளத்துக்காரனே இல்லை, உங்கள் மகனைப் பார்த்ததே இல்லை என்றேன். என் வாழ்க்கையில் இதைவிடச் சுத்தமான உண்மையை நான் பேசியதில்லை.

"பாக்காமயா பல்லைச் சொன்னீங்க?" என்றாள். "சக்கரையைச் சொன்னீங்க. அது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்."

அவள் என்னை மன்னிக்கவில்லை, மச்சான். மன்னிக்க ஒன்று இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை. சாப்பாடு போட்டாள். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூட வந்தாள். படியில் கால் வைத்தபோது சொன்னாள்.

"மறுபடி அவனைப் பாத்தா சொல்லுங்க. தம்பிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. கிணத்தை மூடிட்டோம், இனி யாரும் வுழமாட்டாங்க. அப்புறம், இன்னும் குளுருதான்னு மட்டும் கேளுங்கண்ணா."

இதற்காகத்தான் இந்த மடல். சமாசாரம் மூன்று, அவற்றில் ஒன்று கேள்வி. சேர்க்க வேண்டிய விலாசம் என்னிடம் இல்லை. நீ இருக்கிற பக்கம்தான் அது. தேடிப் போய்ச் சொல். இந்த முறை கால் ஆறவில்லை என்று சொல்லாதே.

பதிலை நீயே வாங்கிவிடு. ஏனென்றால் பத்து நாளாக, சோறு பிசையும்போதும் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும், நான் யோசிக்காமலே ஒரு பதில் என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. அது என் பொய்யா, அவன் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். ராணியம்மா நேற்றும் போன் செய்தாள்.