முன்சீட்டில் உட்காரச் சொல்கிறார் உங்கள் மாப்பிள்ளை

என்னங்க,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இதைவிட ஆசையான வார்த்தை எனக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்து நாலு தரம் கூப்பிட்டாலும் காரின் அடியிலிருந்து எழுந்து வராத மனுஷர், கல்லறையிலிருந்தா வந்துவிடப் போகிறீர்கள்? ஆனாலும் கூப்பிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

நம் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. நாளைக் காலையில் நான் அதில் ஏற வேண்டும். கரூர் ரோட்டுப் புளியமரத்தில் உங்கள் கார் மோதிய நாளிலிருந்து நான் கார் எதிலும் ஏறுவதில்லை என்று இருந்தேன். ஏறாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் பிரான்சிஸ். மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் மேனேஜர். நல்ல குணம், குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாது. எல்லாம் விசாரித்துத்தான் கொடுத்தேன். கார்ப் பைத்தியமா என்று மட்டும் விசாரிக்கவில்லை. பெண் கொடுக்கிறவர்கள் அதையெல்லாம் விசாரிப்பார்களா? விசாரிக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற அம்மாமார்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது தன் காரை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சீமையிலேயே புது மாடலாம். தை மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து நான் வீடு திரும்பினால், நாகல் நகரில் பாதி ஜனம் நம் வாசலில் நிற்கிறது. நடுவில் குத்துக்கல் மாதிரி ஒரு குட்டிச் சிவப்புக் கார். சக்கரம் ஒவ்வொன்றும் இட்லிப்பானை மூடி அளவுதான். பின்பக்கம் மொத்தமும் ஒரே கதவு, கோழிக்கூண்டைத் திறப்பதுபோல மேலே தூக்கித் திறக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது பந்தயக் காரின் இன்ஜினாம். பக்கத்தில் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு ஸ்டெல்லா சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

உங்கள் சேக்காளிகள் இரண்டு பேரும் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். தோல் கிட்டங்கி இப்ராகிம் பாயும், கணக்கு வாத்தியார் அருளப்பனும். நீங்கள் போன பிறகு சண்டை போட ஆளில்லாமல் வாடிக் கிடந்தவர்கள். அன்றைக்குக் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல இருந்தார்கள். வாத்தியார் பூசை வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்து அடியில் பார்க்கிறார்.

"இன்ஜினக் குறுக்கால வச்சிருக்கான். முன்சக்கரம்தான் இழுக்குது. இது வண்டி சாஸ்திரத்துக்கே விரோதம் பாய். வண்டின்னா பின்னாலருந்து தள்ளணும்."

"ஏன் வாத்தியாரே, மாட்ட முன்னால கட்டுவாகளா, பின்னால கட்டுவாகளா?"

"மாட்டுக்குக் கண்ணு இருக்கு."

"இந்தா, இதுக்கும் ரெண்டு லைட்டு இருக்குல்ல!"

இப்படியே போயிற்று. ரெண்டு கார்புரேட்டர் எதற்கு என்று ஒரு சண்டை. இம்புட்டுச் சின்ன சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் எழுமா என்று ஒரு சண்டை. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கோழிகூட நுழையாதே என்று பாய் கேட்டதற்கு, அதுதான் அதன் விசேஷம், வளைவில் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும் என்று வாத்தியாரே கட்சி மாறினார். நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்? பேசியே இருக்கமாட்டீர்கள். சாவியைக் கேட்டிருப்பீர்கள்.

கடைசியில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று மூன்று ஆண்களும் முடிவு செய்தார்கள். குஜிலியம்பாறை ரோட்டில் வண்டி வாகனம் அதிகமிருக்காது, ஒரு மிதி மிதிக்கலாம் என்றார் மாப்பிள்ளை. "நானும் வாரேன்" என்று ஸ்டெல்லா ஏறிவிட்டாள். உங்கள் ரத்தம்தானே? மாப்பிள்ளை முன் அவளைத் திட்டவும் முடியவில்லை. நமக்குக் கோயில் மாதா கோயிலானாலும் பழக்கம் ஊர்ப் பழக்கம்தானே. மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து "மாப்பிள்ளைக்குக் காப்பி வேணுமான்னு கேளும்மா" என்று ஸ்டெல்லா வழியாகத்தான் என் பேச்செல்லாம். அவரும் "அத்தை சாப்டாங்களான்னு கேளு" என்பார். இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் நிற்போம்.

நான் இருந்தால் மரியாதைக்காவது மெதுவாகப் போவார் என்று கணக்குப் போட்டேன். கார் ஏறுவதில்லை என்ற வைராக்கியத்தை அன்றைக்கு ஒரு நாள் விட்டு, சிலுவை போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஸ்டெல்லா பக்கத்தில் ஏறினேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பாய். வாத்தியாருக்கு இடமில்லை. மனுஷர் விடுவாரா? பின்கதவைத் தூக்கி, சாமான் வைக்கிற இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து அதைத் திறக்க வழியே கிடையாது என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் கணக்கு தப்பிவிட்டது. எரியோடு ஊரைத் தாண்டியதும் மாப்பிள்ளை மிதித்தார். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் என் முதுகு சீட்டோடு அப்பிக்கொண்டது. வேலி மரமெல்லாம் ஒரே பச்சைக் கோடு. நீங்கள் கடைசியாகப் பார்த்ததும் இதைத்தானோ என்று நினைத்தேன். முன்னால் பாய் "மாப்ள, மாப்ள, இதுவல்லவா வண்டி!" என்று குதிக்கிறார். முதுகுக்குப் பின்னாலிருந்து வாத்தியார், "வளைவுல ஒட்டுது பாத்தீகளா!" என்கிறார்.

தை மாதத்தில் அந்தப் பக்கத்து ரோடு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டின் குறுக்கே பரப்பிவைத்திருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மிதித்தால் கொள்ளு உதிரும், மாடு கட்டிப் போரடிக்கிற வேலை மிச்சம். பரப்பியிருந்ததைப் பார்த்ததும் மாப்பிள்ளை வேகத்தைக் குறைக்கவில்லை. ஏறினார். வண்டி வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். ஆண்கள் மூவரும் ஒரே குரலில் சிரித்தார்கள். அடுத்த ஊரிலும் பரப்பியிருந்தது. அதற்கடுத்த ஊரிலும்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஒரு வாடை வந்தது.

"புது வண்டில்ல, பெயிண்டு காயுது" என்றார் பாய்.

"பெயிண்டு இல்ல பாய். ரெண்டு கார்புரேட்டர். பெட்ரோல் கூடுதலாக் குடிக்குது, அந்த வாசம்" என்றார் வாத்தியார். உடனே அதற்கும் ஒரு தர்க்கம் தொடங்கிவிட்டது.

பெயிண்டும் இல்லை, பெட்ரோலும் இல்லை. காய்ந்த செடி கருகுகிற வாடை. தினமும் விறகு ஊதுகிறவளுக்கு அது தெரியாதா? வண்டி தரையை ஒட்டிப் போகிறது. பரப்பியிருந்த கொள்ளுச் செடியையெல்லாம் அடிவயிற்றில் வாரிக்கொண்டு வருகிறது. புகை போகிற குழாய் அங்கே பழுக்கக் காய்ந்திருக்கும். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது தெரிந்தது ஒன்றுதான், எங்களுக்குக் கீழே நெருப்பு இருக்கிறது.

"ஸ்டெல்லா, வண்டிய நிறுத்தச் சொல்லும்மா."

"ஏங்க, அம்மா நிறுத்தச் சொல்றாங்க."

மாப்பிள்ளை சிரித்தார். "அத்தைக்குப் பயம். செத்த நேரத்துல பழகிரும்னு சொல்லு."

என் காலுக்கடியில் தகரம் சுட்டது. பின்னாலிருந்து வாத்தியார் இருமினார். வயிற்றில் பிள்ளையோடு இவள், திறக்க முடியாத கதவுக்குள் அவர், எல்லாருக்கும் கீழே பெட்ரோல். அப்போதும் என் வாய் எழவில்லை என்றால் நம்புவீர்களா? மாப்பிள்ளையிடம் எப்படி நேராகப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்! சாகப் போகிற நேரத்திலும் மரியாதை பார்க்கிற ஜென்மம் நான்.

பிறகு என்ன நடந்தது என்று ஸ்டெல்லாதான் சொன்னாள். நான் எட்டி மாப்பிள்ளையின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேனாம்.

"ஏலே பிரான்சிஸு! நிறுத்துடா வண்டிய!"

நிறுத்தினார். இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் தூக்கினார். வாத்தியார் புகையோடு வெளியே விழுந்தார். நான் ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு வேலி ஓரம் போவதற்குள் வண்டிக்கு அடியில் தீ நாக்கை நீட்டியது. களத்திலிருந்த ஜனம் ஓடிவந்து மண்ணை வாரி இறைத்தார்கள், ஈரச் சாக்கால் அடித்தார்கள். அணைந்துவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. மாதாவுக்கு நன்றி. கரிமூஞ்சியோடு நின்ற மூன்று பேரையும் பார்த்து ஒரு வெள்ளாமைக்காரச் சம்சாரி வீட்டு அம்மாள் கேட்டாள்: "கொள்ளு உதிரட்டும்னு பரப்பினா, நீங்க ஆளு உதிர வந்தீகளாக்கும்?"

பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் மாப்பிள்ளை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். காரை அவருடைய ஆட்கள் பிறகு வந்து கட்டி இழுத்துப் போனார்கள்.

அப்புறம் பிடித்தது எனக்கு வேறொரு பயம். ஊர் பார்க்க, அதுவும் பெரியவர்கள் முன்னால், மாப்பிள்ளையை ஏலே என்றும் டா என்றும் கூப்பிட்டிருக்கிறேன். காலரைப் பிடித்திருக்கிறேன். பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அவளை அங்கே வைத்து ஒரு சொல் சொன்னால்? உயிரைக் காப்பாற்றி வாழ்வைக் கெடுத்துவிட்டேனோ என்று தினமும் மாதா கோயிலில் மண்டியிட்டு அழுதேன். உங்கள் சேக்காளிகள் ஆறுதல் சொல்ல வந்து அதிலும் ரெண்டு கட்சியானார்கள். "தங்கச்சி, அஞ்சு உசுரக் காப்பாத்திருக்க. எவன் என்ன சொல்லுவான்?" என்றார் பாய். "ஆனாலும் அந்த 'டா'வ விட்டிருக்கலாம்" என்றார் வாத்தியார். புகையில் அவரை வெந்துபோக விட்டிருக்கலாம் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது.

நேற்று மத்தியானம் அதே கார் வந்து நின்றது. அடியில் கனத்த தகடு அடித்திருக்கிறார்கள். தகடு நல்லதா, வெயிட் கூடி வேகம் குறையுமா என்று இந்நேரம் பாயும் வாத்தியாரும் வாசலில் கிடந்து சண்டை போடுகிறார்கள், அது கிடக்கட்டும். ஸ்டெல்லா இறங்கினாள். வயிறு நன்றாகத் தெரிகிறது, முகம் வெளிறிக் கிடக்கிறது. கால் வீங்கியிருக்கிறது, மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நாளைக்குப் போக வேண்டும்.

நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அத்தை, அன்னைக்கு நீங்க சொன்னத அவ சொன்னா, நான் சிரிச்சேன். அத நெனச்சா ராத்திரியில தூக்கம் வரமாட்டேங்குது. இனிமே நடுவுல ஆளு வேண்டாம். நாளைக்கு நீங்க முன்சீட்டுல எனக்குப் பக்கத்துல ஒக்காருங்க. எப்பப் பயமா இருக்கோ அப்ப நேரா எங்கிட்டச் சொல்லுங்க. நான் நிறுத்திருவேன்."

"சரிப்பா" என்றேன். அவரிடம் நான் நேராகச் சொன்ன மரியாதையான முதல் வார்த்தை அதுதான். உள்ளே போய் அழுதேன்.

மனுஷர் அவ்வளவு சொன்ன பிறகும் பயம் போகவில்லை, கூடித்தான் இருக்கிறது. பின்சீட்டில் கண்ணை மூடிக்கொள்ளலாம். முன்சீட்டில் எப்படி மூடுவது? ரோடு முழுக்க என் முகத்துக்கு நேரே வரும். மரம் வரும், வளைவு வரும், எதிரே லாரி வரும். பெண்ணின் கால் வீக்கத்துக்கு டாக்டர் என்ன சொல்லப் போகிறாரோ, அது வேறு. பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்புச் சத்தம்கூட இப்போது மறந்துகொண்டு வருகிறது. எனக்கு அதுவும் பயம்தான்.

ஆனால் ஏறிவிடுவேன். வழியெல்லாம் கண்ணைத் திறந்துவைத்திருப்பேன், பயந்த இடத்திலெல்லாம் வாயைத் திறந்து கத்துவேன். நீங்கள் அங்கே தனியாக இருப்பீர்கள், ஆள் துணை தேடும், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் மகளையோ, மாப்பிள்ளையையோ, இன்னும் முகம் பார்க்காத அந்தச் சின்னதையோ உங்களிடம் இப்போது அனுப்பமாட்டேன். இது சத்தியம். தனியாகவே இருங்கள். ஆள் வேண்டுமென்றால், காலம் வரும்போது நானே வருகிறேன்.

இப்படிக்கு,
பயந்துகொண்டே காவலிருக்கும் உங்கள் வீட்டுக்காரி,
ஸ்டெல்லாவின் அம்மா.