களத்தின் கிழக்குப் பாதி

தை 6, வெள்ளி

நல்ல பனி. மலைக்கோட்டை வெகுநேரம் கண்ணில் படவில்லை. துவைத்த துணி காயாமல் கொடியிலேயே கிடக்கிறது. நாலாம் பாரம் விடைத்தாள் பாதி முடிந்தது. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற கேள்விக்கு ஒருத்தி "அடுப்பைப் பொறுத்தது" என்று எழுதியிருக்கிறாள். மதிப்பெண் போடலாமா என்று யோசனை.

மாலையில் தம்பி சுப்பையா, அகரத்திலிருந்து. சந்தைக்கு வந்தவன் மாதிரி பேச்சை ஆரம்பித்தான். கையில் மட்டும் ஒரு துணி முடிச்சு. உள்ளே கம்பு மாவு.

"செத்த வாயில போட்டுப் பாருக்கா."

போட்டேன். நறநற. பல் கூசிப்போனது.

விஷயம் புதுக் களம். ஐப்பசியில் சிமெண்டு போட்டது. வருஷா வருஷம் மண்களத்தைக் கொத்தி, மிதித்து, கூடை கூடையாகச் சாணி சுமந்து மெழுகி இடுப்பு விட்டுப்போச்சு என்று மரகதம் (அவன் மனைவி) பிடிவாதம் பிடித்துப் போடவைத்தது. அதில் முதன்முதல் அடித்த தானியம் இந்தக் கம்பு. தரையில் கை வைத்துத் தேய்த்தால் திருநீறு மாதிரி மாவு வருகிறதாம். அதுதான் கம்பிலும் கலந்திருக்கிறது. கொத்தனார் தண்ணீரை அதிகம் விட்டுக் கலந்திருப்பார். தேய்க்கச் சுலபம், தரைக்குக் கேடு.

சோளம் அறுத்தாயிற்று. கதிர் கட்டுக்கட்டாக வயலில் கிடக்கிறது. பழைய மண்களத்தை இடித்துத்தான் புதுசு போட்டார்கள். இது சரியாகாவிட்டால் பக்கத்துக் களத்துக்காரர், பங்காளி முறை வெள்ளைச்சாமி சித்தப்பாவிடம் போய் நிற்கவேண்டும். தருவார். ஆனால் கேட்கவைத்துத் தருவார். மரகதத்துக்கு அதைவிடக் கசப்பு வேறில்லை.

"ஊரே அவளப் பாத்துச் சிரிக்குதுக்கா. எம்புட்டுச் சோறு வச்சாலும் பாதியிலயே எந்திரிச்சிர்றா."

எனக்கு ஞாபகம் வந்தது கல்லூரிப் பாடப்புத்தகத்தின் ஒரே ஒரு வரி: சோடியம் சிலிக்கேட் கரைசல் பூசினால் சிமெண்டுத் தரை தூசி விடாது. சிமெண்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து துளைக்குள்ளேயே இறுகிவிடும். நிறம் கிடையாது. படித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். செய்து பார்த்ததில்லை, செய்தவரையும் பார்த்ததில்லை. "நாளைக்கு வாரேன், மருந்தோட" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அவன் போன பிறகு யோசித்தேன்.

தை 7, சனி

வாங்க: தே.எண்ணெய், சிவப்பு மசி, டார்ச் பாட்டரி.

பேகம்பூர். சோப்புக் காய்ச்சும் காதர் ராவுத்தரிடம் சிலிக்கேட் இருக்கும் என்பது ஊகம். இருந்தது, பீப்பாய் பீப்பாயாக. துணிச் சோப்புக்குக் கனம் கூட்ட அதைத்தான் ஊற்றுகிறார்கள். (இனி அவர் சோப்பை வாங்கும்போது யோசிக்கவேண்டும்.)

"டீச்சரம்மாவும் சோப்புக் காச்ச எறங்கிட்டீகளா? நம்ம பொழப்புல மண்ணா?"

"களத்துக்குப் பூச, பாய்."

"களத்துக்கா? இதையா?" உள்ளே திரும்பி, "ஏலே, டீச்சரம்மா தரைக்குச் சோப்புப் போடப்போறாகளாம், கேட்டியா!"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். நானும் சிரித்திருக்கலாம். முகத்தை இறுக்கியே வைத்துக்கொண்டேன், பழக்கம். இரண்டு மண்ணெண்ணெய் டின் நிறைய ஊற்றிக் கொடுத்தார். பாகு போல, கண்ணாடி போல இருக்கிறது. "கலப்படம் உண்டா?" என்று கேட்டேன். "கலப்படத்துக்கே கலப்படமாம்மா?" என்றார். நியாயம்.

வீட்டுத் துவைகல் மேடையில் ஒரு முழம் பூசிப் பார்த்தேன். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். உறிஞ்சியது. மதியம் விரலால் தேய்த்தேன், மாவு வரவில்லை. நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். அவநம்பிக்கை கொஞ்சம் குறைவு.

தாடிக்கொம்பு வழி பஸ். கண்டக்டர், "டின்னுல என்னம்மா, தேனா?" "குடிச்சுப் பாருங்க." பஸ்ஸே சிரித்தது. நான் சொன்னதுதானா என்று எனக்கே ஆச்சரியம்.

அகரம். மரகதம் வாசலுக்கு ஓடிவந்து டின்னை வாங்கிக்கொண்டாள். இளைத்திருக்கிறாள். களம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. கிழக்குப் பாதி மட்டும் ஒரு சாயல் கறுப்பு. கொத்தனாரின் இரண்டாவது கலவை என்று முடிவு செய்தேன்.

தை 8, ஞாயிறு

வெயில் ஏறினால் தரைக்குள் இறங்குமுன் காய்ந்துவிடும். பனி விலகித் தரை உலர்ந்ததும் ஆரம்பம். சுண்ணாம்பு அடிக்கும் மட்டை இரண்டு. நான் கலக்க, மரகதம் பூச, சுப்பையா வாளி தூக்க. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எத்தனை காலம்! முழங்கால் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது.

மேற்குப் பாதி குடித்தது, தாகக்காரன் மாதிரி. கிழக்குப் பாதியில் அவ்வளவாக இறங்கவில்லை, மேலேயே நின்று மினுங்கியது. கிழக்குதான் நன்றாக வந்திருக்கிறது என்று மூவருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

வெள்ளைச்சாமி சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏத்தா, என்னாத்தா இது, கண்ணாடியா? சோளம் வந்து மொகம் பாத்துப் பொட்டு வச்சுக்கிருமோ?"

மரகதம் முணுமுணுத்தாள், எனக்கு மட்டும் கேட்கும்படி: "மொதல்ல இவரு வந்து பாக்கட்டும்."

கையில் வழுவழுப்பு, பிறகு எரிச்சல். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி தே.எண்ணெய் தடவினோம். மரகதமும் தடவிக்கொண்டாள், எனக்கும் தடவிவிட்டாள். யாரும் என் கையைப் பிடித்து நாளாயிற்று.

நாளைக்கு லீவு சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. தலைமையாசிரியர் முகம் சுளிப்பார்.

தை 9, திங்கள்

மேற்குப் பாதி கல். தேய்த்தேன், சுரண்டினேன், சுப்பையாவை மிதிக்கச் சொன்னேன். மாவு இல்லை.

கிழக்குப் பாதி உரிகிறது. அப்பளம் மேல்தோல் விட்டாற்போல, செதில் செதிலாக. நடந்தால் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நேற்று மெச்சிக்கொண்ட மினுக்கம் இதுதான்.

சித்தப்பா அதற்குள் ஆஜர். ஒரு செதிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏலே சுப்பையா, எங் களம் சும்மாதான்டா கெடக்கு. நான் என்ன வேத்தாளா? வந்து ஒரு வார்த்த கேளு, போதும்." ஒரு வார்த்தை என்பதை மெதுவாகச் சொன்னார். சுப்பையா தலையைச் சொறிந்தான். சிறுமலைப் பக்கம் மேகம் கட்டியிருக்கிறது, தை மாதத்தில்! வயலில் கதிர். அவன் கேட்டுவிடுவான் என்று தெரிந்தது. மரகதம் உள்ளே போய்விட்டாள்.

"மத்தியானம் வரைக்கும் பொறு" என்றேன்.

சந்தேகம்: ராவுத்தர் சரக்கு? அதே டின்தான் மேற்கிலும். தண்ணீர்? அதே கிணறு. வெயில்? கிழக்கில்தான் புளியமர நிழல். என் கலவை? ஒரே வாளி. கொத்தனார்? சுப்பையாவைக் கேட்டேன். ஒரே நாளில், ஒரே கலவையில் போட்டதாம். நான் சனிக்கிழமை கண்டுபிடித்த இரண்டாவது கலவை என் கற்பனை. சாயல் கறுப்புக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டேன். வகுப்பில் ஒரு பெண் இப்படிச் செய்தால் நிற்கவைத்திருப்பேன்.

இரண்டு பாதிக்கும் நீளும் ஓரத்தில் பூசாத பட்டை ஒன்று மிச்சம். அதில் மேற்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், மறைந்தது. கிழக்கே ஒரு சொட்டு, முத்து மாதிரி நின்றது. தண்ணீரே இறங்காத இடத்தில் சிலிக்கேட் எப்படி இறங்கும்? பூசுமுன் செய்யவேண்டிய சோதனை. உரிந்த செதிலை வெந்நீரில் போட்டு ஊறவைத்தேன். அடியில் பச்சைப் பழுப்பாக ஏதோ கரைந்தது. பொடிப்பொடியாக வைக்கோல் நார். முகர்ந்தேன்.

அடுப்படிக்குப் போனேன். மரகதம் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள், தேவைக்கு மேல் வேகமாக.

"மரகதம், களத்துல சாணி மெழுகுனியா?"

அரிவாள்மணை நின்றது.

"யாரு சொன்னா?"

"வைக்கோல் சொல்லுச்சு."

தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு.

"வெள்ளிக்கெழம மதினி, தை வெள்ளி. மொதத் தடவ சாணி மெழுகாம வெறுந்தரையில கொட்டுனோம், கம்பு கடிச்சுப்போச்சு. அதேன் இந்தத் தடவயாச்சும்னு... ரெண்டு கூடைதேன் சாணி இருந்துச்சு, பாதிக்குத்தேன் வந்துச்சு. ராத்திரி அவுக வந்து, மதினி மருந்து கொண்டு வாராகன்னதும் விடியறதுக்குள்ள கழுவிவிட்டேன். நீங்க வைவீகன்னு."

"சாணி சுமக்கமாட்டேன்னுதானே சிமெண்டு கேட்ட?"

"சிமிண்டு வேணும்னுதேன் கேட்டேன். சாணி வேண்டாம்னா சொன்னேன்?"

யோசித்தால் சாணி மெழுகுவதும் இதே வேலைதான். தூசியை அமர்த்துகிறது. ஒன்றின் மேல் ஒன்று பூசினால்தான் வம்பு.

சுப்பையாவிடம் காரணத்தைச் சொன்னோம். அவனும் சிரித்தான். சித்தப்பாவிடம் போகவில்லை. மூவருமாக வெந்நீர் ஊற்றி, செங்கல் துண்டாலும் தேங்காய் நாராலும் கிழக்குப் பாதியைத் தேய்த்துக் கழுவினோம். மறுபடி சொட்டு வைத்துப் பார்த்தோம். இறங்கியது. மரகதம் கைதட்டினாள்.

பிறகு ஈசான மூலையில் நின்று, "மதினி, இந்த ஒரு மொழம் மட்டும் மருந்து போடாம விட்டுருவோமா? புள்ளையாருக்கு" என்றாள். விட்டுவிடச் சொன்னேன். ஒரு முழத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

தரை காயவேண்டும். நாளை பள்ளிக்குப் போயே ஆகவேண்டும். இனி மரகதம் பொறுப்பு: முதலில் சொட்டு, பிறகு மெல்லிசாகப் பூச்சு, தேங்கினால் துணியால் ஒற்றி எடு, மறுநாள் கழுவி இன்னொரு தடவை. சொல்லிக்காட்டச் சொன்னேன். பிசகாமல் சொன்னாள். "சாணி?" என்றேன். "மூலையில மட்டும்."

தை 10, செவ்வாய்

கடைசி பீரியடில் நாலாம் பாரத்துக்கு விடைத்தாள் கொடுத்தேன். "அடுப்பைப் பொறுத்தது" பெண்ணுக்கு அரை மதிப்பெண். முழங்கால் வலி. தலைமையாசிரியர் முகம் சுளித்தார். மேகம் அப்படியே. இன்று மரகதம் பூசியிருப்பாள். காய்வதற்குள் தூறினால் கரைந்து போகும். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

தை 12, வியாழன்

விடியலில் மழை. தூறல் இல்லை, நல்ல மழை. தகவல் ஒன்றும் இல்லை. இரண்டாவது பூச்சு நேற்றே முடிந்திருந்தால் சரி. மரகதம் தள்ளிப்போடுகிறவள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டரி வாங்க மறந்தேன், மறுபடியும்.

தை 15, ஞாயிறு

வெயில். தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தல் உலர்த்திக்கொண்டிருந்தபோது வாசலில் மரகதம். தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள், முதல் தடவையாம். மடியில் முடிச்சு.

"வாயத் தொறங்க மதினி."

சோள மாவு. மென்றேன். திரும்பவும் மென்றேன். ஒன்றும் கடிக்கவில்லை.

"தண்ணி குடிங்க மதினி, வெறும் மாவ இப்பிடியா திம்பாக?" வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரிப்பு.

மழைக்கு முன்பே பூச்சு காய்ந்து, கழுவியும் ஆயிற்றாம். மழை விட்ட அன்று வெயில் ஏறுவதற்குள் களம் உலர்ந்துவிட்டதாம். மறுநாளே, வயலில் மூடிவைத்திருந்த கதிரைக் கொண்டுவந்து பரப்பி, மாடு கட்டிப் பிணையல் விட்டு, நேற்றுத் தூற்றியும் முடித்துவிட்டார்கள். வெள்ளைச்சாமி சித்தப்பா களம்தான் சேறு. அவர் சோளமும் நனைந்து கிடந்திருக்கிறது, முளைவிடும் நிலையில்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்தாக."

"சுப்பையாகிட்டயா?"

"அவுக வயலுக்குப் போயிருந்தாக. எங்கிட்டதேன். 'ஏத்தா மரகதம், எங் கதிரச் செத்தக் காயப்போட்டுக்கிரவா'ன்னு." சித்தப்பா குரலிலேயே சொல்லிக்காட்டினாள்.

"நீ என்ன சொன்ன?"

"நாம என்ன வேத்தாளா மாமான்னேன்."

இருவரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். என் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டதில்லை போலும்.

மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வண்டியோட கதிரக் கொண்டாந்து நிறுத்திட்டு, எறக்க மாட்டேன்னுட்டாக மதினி. வெறுந்தரையில எப்பிடிக் கொட்டுறதுன்னு கேட்டாக."

ஈசான மூலையைக் காட்டினாளாம்.