எதிர் மேசையில் அண்ணன்

கரமனை
15 ஜூன் 2025

அன்புள்ள வினீத் அண்ணா,

சாப்பிடுகிறோம், இரண்டு பேரும். தாணு அண்ணன் முதலில், நான் பிறகு. அம்மா இருந்தபோதும் அப்படித்தான். அதனால் பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது.

போனில் நீ பேசி முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது அந்தச் சொல் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

ஆமாம், தாணு அண்ணனை நீ பார்த்து வைத்திருக்கும் இல்லத்தில் சேர்க்கலாம் என்று சொன்னேன். மார்ச்சில், அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்த கையோடு. அந்த வாரம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றேன். பந்தல்காரரிடம் சொன்னேன். அம்மாவின் பட்டுப் புடவையைக் கேட்ட சித்தியிடம் சொன்னேன். இப்போதும் மாற்றிச் சொல்லவில்லை. மாற்றிச் சொல்லும் அளவுக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒரு செய்தி. அம்மா அவனைச் சேர்த்துவிட்டிருந்த சமையல் கூட்டத்துக்கு இப்போது நான் கூட்டிப்போகிறேன். சனிக்கிழமைதோறும், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலையின் மாடியில். எட்டுப் பேர். எல்லாரும் தாணு அண்ணனைப் போலத்தான். சிலருக்கு மணி பார்க்கத் தெரியாது. சிலர் பேசுவதில்லை. சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எங்காவது போகிறார்கள். நடத்துவது ரெஷ்மா என்ற டீச்சர்.

வீட்டு ஆட்கள் கூட நின்று உதவ வேண்டும். ஆனால் தன் வீட்டு ஆளுக்கு இல்லை. "சொந்தம் ஆளெ தொடண்டா, சேச்சி" என்று முதல் நாளே மலையாளத்தில் சொல்லிவிட்டாள் ரெஷ்மா. வீட்டு ஆள் பக்கத்தில் நின்றால் அவர்கள் கையையே நீட்ட மாட்டார்களாம். அதனால் நான் அஞ்சு என்ற பெண்ணோடு நிற்கிறேன். அவளுடைய அப்பா அனில், தாணு அண்ணனோடு. எனக்கு எதிர் மேசை.

நேற்று அவியல். அனில் அவன் கையில் கத்தியைக் கொடுத்தார். நம் வீட்டுக் கத்திகள் எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும். மேல்தட்டில், வெந்தய டப்பாவுக்குப் பின்னால். முப்பத்தொன்பது வயதிலும் அவன் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அவன் வெள்ளரிக்காயைச் சுட்டுவிரலோடு சேர்த்து வைத்துப் பார்த்து, அந்த நீளத்துக்கு வெட்டினான். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"சேச்சி, என்னெ நோக்கு" என்று தன்னைப் பார்க்கச் சொன்னாள் அஞ்சு.

இதில் என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனுடைய பத்து விரலும் இருக்கின்றன. ஸ்மிதா மைனிக்கு என் அன்பு.

வேணி


டப்ளின்
22 ஜூன் 2025

அன்பு வேணிக்கு,

தமிழில் அடிக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. தப்பு இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள். டீச்சர் மாதிரி சிவப்பு மையில் திருப்பி அனுப்பாதே.

கத்தி விஷயம் படித்து மைனி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அவன் ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்தான். ஜன்னல் துணி எரிந்தது. அடி வாங்கியது நான், அவனைப் பார்த்துக்கொள்ளாததற்கு. எனக்கு ஆறு வயது. அன்றைக்குத்தான் கத்தியும் தீப்பெட்டியும் மேல்தட்டுக்குப் போயின.

இல்லத்தில் செப்டம்பர் முடிய இடம் வைத்திருக்கிறார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம்தான், தோட்டமும் கிணறுமாக நல்ல இடம். நர்ஸ் உண்டு. அங்கே அவன் ஒரு வேலையும் செய்ய வேண்டாம். நேரத்துக்குச் சாப்பாடு வந்துவிடும். கார்டியன் உத்தரவு உன் பேரில் இருப்பதால் நீதான் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு அவன் பத்திரமாக இருக்க வேண்டும். உனக்கும் முப்பத்தொன்று ஆகிறது. ஆபீஸ், வீடு, அவன், மறுபடி ஆபீஸ். எத்தனை நாளைக்கு?

கோபம் இல்லையே? எழுது. அதற்காகப் போனை எடுக்காமல் இருக்காதே.

உன் அண்ணன்,
வினீத்


கரமனை
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

காலில் கட்டு. பயப்படாதே, என் காலில்.

நேற்று கூட்டம் முழுவதும் வேன் பிடித்துப் போனக்காடு என்ற மலை எஸ்டேட்டுக்குப் போனோம். மேலே போகப் போக மழை விட்டிருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் ஓர் அம்மா தன் வீட்டு முற்றத்தையும் விறகையும் கொடுத்தார். தமிழ்தான் பேசினார். தாணு அண்ணனைப் பார்த்து, "என்ன மொதலாளி, எல்லாருக்கும் ஒங்க கையால கஞ்சியா?" என்றார்.

"ஆமா. நீயும் இரி" என்றான் அவன்.

இருபது பேருக்குக் கஞ்சியும் பயறும். அடுப்பு அவன் பொறுப்பு. அனில் பக்கத்தில். நான் பத்தடி தள்ளி அஞ்சுவோடு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். புகை அவன் முகத்தில் அடித்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு துழாவினான். அனில் விறகெடுக்கத் திரும்பினார். அவ்வளவுதான் நடந்தது. நான் ஓடிப்போய் அவன் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கப் பார்த்தேன். அவன் விடவில்லை. நான் இழுத்தேன். பானை சரிந்தது.

இருபது பேரின் மதியச் சாப்பாடு மண்ணில். அவன்மேல் ஒரு துளி படவில்லை. என் இடது பாதத்தில் விழுந்தது. சுட்டிருக்க வேண்டும். செருப்பில் ஏதோ ஈரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரெஷ்மா என் காலில் தண்ணீர் ஊற்றினாள். தாணு அண்ணன் சொன்னான், குரலை உயர்த்தாமல்:

"நீ அஞ்சுகிட்ட போ."

பிறகு குந்தி உட்கார்ந்து மறுபடி அரிசி அளக்கத் தொடங்கினான்.

மூன்று மணிக்குச் சாப்பிட்டோம். அனில் என் தட்டில் கஞ்சி ஊற்றிவிட்டுத் தன் மணிக்கட்டைக் காட்டினார். "மோளே, ஆத்யம் நானும் அஞ்சுவுக்க கைய தட்டி விட்டதாக்கும். அவ ஒரு கடி கடிச்சா பாரு." தழும்பு இருந்தது. அஞ்சு அதைப் பெருமையோடு பார்த்தாள்.

கஞ்சி நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு உப்புத் தெரியவில்லை. மார்ச்சிலிருந்தே தெரிவதில்லை.

இல்லத்தின் தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் இல்லை.

வேணி


கரமனை
24 ஆகஸ்ட் 2025

அண்ணா,

கத்திகள் கீழே வந்துவிட்டன. நான்தான் ஏணி வைத்து எடுத்தேன். இரண்டு துருப்பிடித்திருந்தன.

இப்போது சாயங்காலச் சமையல் அவன்தான். கஞ்சி, பயறு, அவியல், பால் விடாத கட்டன் சாயா. நாலே சமையல், மாறி மாறி. ஆபீஸிலிருந்து வந்து நான் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். அடுக்களைக்குள் வர எனக்கு அனுமதி இல்லை. "உப்பு போருமா?" என்று உள்ளேயிருந்து கேட்பான். தின்னாமல் எப்படிச் சொல்வது? "போரும்" என்கிறேன். போன வாரம் ஒருநாள் உண்மையிலேயே கரித்தது. அது கரிப்பு என்று தெரிந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடி வந்து மீதியையும் சாப்பிட்டேன்.

அவனை அனுப்பப் போவதில்லை. இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு.

நீ அவனைப் பத்திரமாக வைக்கப் பார்க்கிறாய். இத்தனை வருஷமும் பத்திரமாகத்தான் வைத்திருந்தோம். அதற்கு மேல் என்ன செய்தோம்? அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியும். நான் ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டு ஓடியபோது அவனே போட்டுக்கொண்டான். நீ வருஷத்துக்குப் பத்து நாள் வந்து, சாக்லேட் கொடுத்துவிட்டுப் போகிறாய். அவனை எங்கே வைப்பது என்று அங்கிருந்து முடிவு செய்வது உனக்குச் சுலபம்.

மைனிக்கு அன்பு.

வேணி


டப்ளின்
31 ஆகஸ்ட் 2025

வேணிக்கு,

சாக்லேட் பற்றி நீ எழுதியது உண்மை. உண்மை என்பதால் இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

இடத்தை விட்டுக்கொடுக்கும் முன் ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. இது அவனுக்காகவா, உனக்காகவா? அவனிடம் கேட்டாயா? நானும் கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஐந்து மாதமாக நாம் இரண்டு பேரும் அவனைப் பற்றிப் பேசியும் எழுதியும் கொண்டிருக்கிறோம்.

ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. பிறகு நீ என்ன சொன்னாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

வினீத்


கரமனை
7 செப்டம்பர் 2025

அண்ணா,

உன் கேள்விக்குப் பதில் இல்லை.

20ஆம் தேதி கூட்டிப்போகிறேன். பார்க்க மட்டும். வேண்டாம் என்று அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்பதற்காக.

வேணி


கரமனை
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நேற்று தாள்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நீ சொன்னது சரியாகப் போயிற்று. நீ சொன்ன காரணத்தால் அல்ல.

அங்கே ஒரு வேலையும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். போய் இறங்கியதும் கண்ணில் பட்டது பெரிய அடுக்களை. நாற்பது பேருக்கு அங்கே இருப்பவர்களே காய் வெட்டுகிறார்கள். தண்ணீர் இறைக்கிறார்கள், வாழையைச் சுற்றி மண் கொத்தித் தடம் எடுக்கிறார்கள். உன்னிடம் போனில் பேசிய மேனேஜர் இதையெல்லாம் சொல்லவில்லை போலும். கேட்பவர்களுக்கு நர்ஸ் இருப்பதைத்தான் சொல்வாராம்.

நான் மேனேஜரிடம் வேண்டாம் என்று எப்படித் தொடங்குவது என யோசித்துக்கொண்டிருந்தேன். தாணு அண்ணன் கையைக் கழுவிவிட்டுப் போய், காய் வெட்டும் மேசையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். சாம்பசிவன் என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பன்னிரண்டு வருஷமாக அங்கேயே இருப்பவர்.

"இது எனக்க ஸ்டூலு. எந்திரிடே."

"பேரு எழுதிருக்கா?" என்றான் தாணு அண்ணன்.

"எழுதிருந்தா நீ வாசிப்பியோ?"

"நீ வாசிப்பியா?"

இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து ஸ்டூலைச் சுற்றிப் பார்த்தார்கள். சமையல்காரர் அழகியநம்பி, "ரெண்டு பேரும் நின்னு வெட்டுங்கடே" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவனோடு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. நம் வீட்டில் எல்லாரும் அவனுக்கு விட்டுக்கொடுத்தோம். நீ, நான், அம்மா. அந்த அகப்பையைத் தவிர அவன் யாரிடமும் எதற்கும் மல்லுக்கட்டியதே இல்லை. அன்று அவன் முகம் எப்படி இருந்தது என்று எழுதப் பார்க்கிறேன், வரவில்லை. சாம்பசிவனுக்குப் பக்கத்தில் நின்று பூசணிக்காய் வெட்டினான். அவர் வெட்டியதைவிட வேகமாக வெட்டப் பார்த்தான்.

உன் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். எனக்காக. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுக்களையில் ஒரு சத்தம் இருக்க வேண்டும் என்பதற்காக. அதை எழுதாமல் சாக்லேட்டைப் பற்றி எழுதினேன். அது தப்பு.

மூன்றரைக்கு அவனிடம் போனேன். மேசைக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டேன்.

"அண்ணே, இங்க இருக்கியா, நம்ம வீட்டுக்கு வாறியா?"

காயைப் பார்த்தான். "இன்னும் தீரல்ல."

"தீந்த பெறவு?"

"நாளைக்கு வேற உண்டு."

"அப்போ நான் தனியா போணும்."

கொஞ்ச நேரம் வெட்டினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை, வருத்தமில்லை. எனக்காக யோசித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

"நீ போ. பஸ் போயிரும்."

ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும் என்றார் மேனேஜர். சரி என்றேன். நேற்று காலையில் போன் போட்டேன். அவன் வரவில்லை, வேலையாக இருக்கிறானாம். சாம்பசிவனோடு இன்னும் பேச்சு இல்லையாம், ஆனால் பக்கத்தில்தான் நிற்கிறானாம். அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

அவனை விட்டுவிட்டு வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, நீ அதைக் கேட்பாய் என்பதால் சொல்கிறேன். கேட்டைச் சாத்திவிட்டு ரோட்டுக்கு வந்தேன். மூன்றே முக்கால் பஸ் போயிருந்தது. நாலே காலுக்கு வந்ததில் ஏறி, பஸ் மாற வேண்டிய நாகர்கோவிலுக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.

வேணி