கஞ்சி குடித்துவிட்டு வந்த அம்மாவுக்கு

என் அன்பு அம்மா,

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் நான் சொல்லாமல் விட்டதில் இன்னும் உறுத்துவது ஒரே ஒரு விஷயம்தான். "ஐயா, அம்மா விரதமெல்லாம் இல்லை. காலையில் இரண்டு கும்பா கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்" என்று டெல்லியிலிருந்து வந்த தொழிற்சங்கத் தலைவரிடம் இந்தியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இந்த வாரம் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தம். இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேச அவரைத்தான் அழைத்திருக்கிறார்கள். முன்னைவிட மெலிந்திருக்கிறார். சுரங்க வாசலில் ஒரு பெண் கையை ஆட்டி ஆட்டி அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். உன் ஞாபகம் வந்துவிட்டது.

செல்லத்தாயி சித்தியிடம் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? உங்கம்மாவுக்கே எழுது. சங்கத்துப் பத்திரிகையில போட்டா நாங்களும் படிப்போம்ல" என்றாள். ஊரறிய எழுதுகிறவள் இல்லை நான். உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நீயும் சித்தியும் மற்ற பெண்களும் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் பொக்லைன் வந்து நின்றது. இனிப் பெண்களுக்கு வேலை இல்லை என்றார்கள். நீ பாறை துளைக்கிற ஆண்களிடம் போய், "இன்னைக்கு எங்கள வேண்டாங்கான். நாளைக்கு ஒங்கள வேண்டாம்னு சொல்ல எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டாய். அவர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிறகு சுற்றுவட்டாரக் குவாரிகள் எல்லாம் நின்றன. சிமெண்டு ஆலைக்குக் கல் போகவில்லை. அப்புறம்தான் டெல்லியிலிருந்து அவர் வந்தார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருப்பதால் எனக்கு ஆங்கிலமும் இந்தியும் பழக்கம். சங்கத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். நீ போகும் வழியிலேயே எச்சரித்தாய்: "ஏட்டி, நான் சொல்றத மட்டும் சொல்லு. ஒன் படிப்பையெல்லாம் அதுல கலக்காத."

மண்டபத்தில் முதலில் இலை போட்டார்கள். அது அவருடைய வழக்கமாம். இரண்டு தரப்பும் சேர்ந்து சாப்பிட்ட பிறகுதான் பேச்சையே தொடங்குவாராம். நம் வழக்கம் நேர்மாறு. வேலைநிறுத்தம் முடியும்வரை கஞ்சித் தொட்டியில் எல்லோருக்கும் பொதுவாகக் காய்ச்சுகிற கஞ்சியைத் தவிர வேறு எங்கும் கை நனைக்கக் கூடாது. முதலாளி செலவில் ஒரு வாய் சாப்பிட்டாலும் சமரசமாகிவிட்டோம் என்று அர்த்தம். நீயும் சித்தியும் இலை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

தலைவர் உன்னையே பார்த்தார். பார்த்துவிட்டு, தன் இலையை மெல்ல மடக்கினார். "சகோதரி உண்ணாவிரதம் இருக்கிறார். அப்படியென்றால் பேச்சு முடியும்வரை நானும் சாப்பிட மாட்டேன்" என்றார். எதிரே குவாரி மேனேஜர் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கு இந்தி புரியும். பிசைந்த சோற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

"எதுக்கு எல்லாரும் எந்திரிச்சிட்டாவ?" என்று என் காதில் கேட்டாய்.

"பேசி முடிச்ச பொறவு சாப்பிடுவாங்களாம்."

"அதான மொற" என்றாய்.

பேச்சு வேகமாகப் போனது. பொக்லைன் பெரிய பாறைக்கு மட்டும் என்று ஆனது. சிறு கல் பொறுக்குவதும் ஏற்றுவதும் பெண்களுக்கு. நிறுத்தப்பட்டவர்களை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வது. ஒருத்தியைத் தவிர. தூண்டிவிட்டவளை உள்ளே விட முடியாது என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். தலைவர் உனக்காகக் குரலை உயர்த்தியும் கேட்டார், கெஞ்சியும் கேட்டார். மேனேஜர் மூன்று தடவை வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து, முடியாது என்று தலையாட்டினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை உன் அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம். வேறு யாரையாவது சொல்லச் சொல்கிறேன்" என்றார். பரவாயில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, நானே உன்னிடம் சொன்னேன்.

"மத்தவளுக அம்புட்டுப் பேருக்கும் எழுத்துல குடுப்பாகளா? அதக் கேளு."

"குடுப்பாங்களாம்."

"அப்பச் சரின்னு சொல்லு."

சித்திதான் கத்தினாள். "ஏக்கா, கிறுக்கா ஒனக்கு? நீ இல்லாம நாங்க எதுக்கு உள்ள போகணும்?"

"கல்லுப் பொறுக்கத்தான். கூடை தூக்கத் தலையில சும்மாடு சுத்திவிடவும் நான்தான் வரணுமாக்கும்?" என்றாய். யாரும் சிரிக்கவில்லை. நான் அதை மொழிபெயர்க்கவும் இல்லை.

கையெழுத்துக்குப் பிறகு ஆறிப்போன சோற்றைத் தலைவரே உன் இலையில் வைத்தார். உனக்கு வயிறு நிறைந்திருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அதையும் அவர் விரதக் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னதும், "அடிப் பாவி, அவிய வயசானவிய, பட்டினி போட்டுட்டியே" என்று கிருஷ்ணன்கோவில் வரும்வரை சிரித்தாய்.

அவர் சாப்பிட்டுத் தெம்பாக உட்கார்ந்திருந்தால் உனக்காக இன்னும் செத்த நேரம் வாதாடியிருப்பாரா? அல்லது மேனேஜர் பசியில்தான் அவ்வளவும் கொடுத்தாரா? நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு விளங்கவில்லை. வடக்கேயும் யாரையாவது ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் முடிப்பார்களா?

ஊரில் எல்லோரும் நலம். பிளவக்கல் அணை நிரம்பியிருக்கிறது. இப்போது சங்கத்தில் உன் இடத்தில் சித்தி இருக்கிறாள். உன்னைவிட அதிகமாகத் திட்டுகிறாள். அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பேச வேண்டும், வா என்கிறாள். இந்தத் தடவை பேச வருகிற எல்லோரும் தமிழ் தெரிந்தவர்கள்தான், மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் போவேன் அம்மா. சங்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து, என் பேச்சை நானே பேசுவேன்.

அன்று கையெழுத்தான பின் வந்த திங்கட்கிழமை குவாரி திறந்தது. பெண்கள் எல்லோரும் கூடையோடு உள்ளே போனார்கள். நீ கேட் வரைக்கும் அவர்களோடு நடந்துபோய்விட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாய்.

உன் ஒரே மகள்
ராஜபாளையத்திலிருந்து