ஆற்றை விட்டு ஒரு நாள் நடை

பின்டாங்
திங்கட்கிழமை

பிந்தாவின் அப்பாவுக்கு,

பிந்தாவும் நானும் சுகம். இந்த வருடமும் வயலில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. பாதி நாற்று கருகிப்போனது. மிச்சத்தை நானே நட்டேன், இடுப்பு விட்டுப்போகிறது.

பள்ளியில் உங்கள் இடத்துக்குப் புதிய வாத்தியார் வந்துவிட்டார். காம்பியாவை வரைய அவருக்குப் பலகை முழுவதும் வேண்டியிருக்கிறதாம். அப்பா ஒரே இழுப்பில் ஆற்றைப் போட்டு, இரண்டு பக்கமும் கரையைப் போட்டு, இவ்வளவுதான் நாடு என்பாரே என்று பிந்தா அழுதாள். எங்கே நின்றாலும் ஆறு ஒரு நாள் நடைதான், நம் நாட்டில் யாரும் தொலைந்துபோக முடியாது என்று சொல்வீர்களாம்.

எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆற்றுத் தீவின் பாழுங்கோட்டையைக் காட்டி, நம் ஜனங்களைச் சங்கிலி போட்டுக் கப்பலேற்றிய கதையை வருடம் தவறாமல் நடத்தினீர்கள். அதே ஆற்று வாயில் பிழைப்புத் தேடி நீங்களாகவே படகேறினீர்கள். ஸ்பெயின்காரர்களின் தீவுக்கு ஏழே நாள் என்றீர்கள். ஏழு மாதம் ஆகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் பெயரில் இறந்தவருக்கான தொழுகையும் தானமும் செய்யப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு பிடி அரிசிகூடத் தரமாட்டேன், விதவைத் துணி கட்டமாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

மீன்காரர் வாலி ஃபாய்தான் எனக்குத் துணை நின்றார். பாஞ்சுல் துறையில் கடலோடிகளிடம் விசாரித்து வருகிறேன் என்று போனார். அவரைத்தான் தெரியுமே. அவருடைய செரேர் இனமும் நம் ஜோலா இனமும் ஒருவரை ஒருவர் அடிமை என்று சீண்டிக்கொள்ளும் கேலி முறையை இழவு வீட்டில்கூட விடமாட்டார். "அடியே அடிமை, ராசா வந்திருக்கேன், சோத்தப் போடுடி!" என்று வாசலிலேயே கத்துவார்.

நேற்று மத்தியானம் வந்தார். சத்தமே இல்லை. நானே ஆரம்பித்தேன். "என்ன ராசா, மீன் நாத்தம் முன்னால வருது, வாய் எங்க போச்சு?" என்றேன். பதிலுக்குத் திட்டுவார் என்று நின்றேன். கூடையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, சாப்பிட்டியாம்மா?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தங்கச்சி என்றதே இல்லை. மேற்கொண்டு நான் எதையும் கேட்கவில்லை.

தானத்துக்கான அரிசியை இன்று காலை அளந்து கொடுத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

இதற்கு முகவரி கிடையாது. உங்கள் வரைபடப் புத்தகத்துக்குள் வைக்கிறேன். எங்கே கிடந்தாலும் இறைவன் உங்களைக் குளிரவிடாமல் காக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஆற்று வாயைப் பிடித்துவிட்டால் போதும், அப்புறம் கரையோரமாகவே வந்துவிடுங்கள். நீங்கள் சொன்னதுதானே.

உங்கள்
நியீமா