தலைவர் என்ற சொல்

நேற்று மாலை ஆறு மணிக்கு, கோல சிலாங்கூரில் எங்கள் குடியிருப்போர் சங்கம் வருங்காலத் தலைமுறைகளைப் பாதிக்கப்போகும் ஒரு முடிவை எடுக்கக் கூடியது. சங்கக் கட்டடத்தின் முன்கதவுக்குப் பச்சை வண்ணமா, நீல வண்ணமா? பச்சைத் தரப்பு இயற்கையையும் நீலத் தரப்பு ஆகாயத்தையும் துணைக்கு அழைத்துப் பேசின. கை தூக்கினால் அண்டை வீட்டார் பகையாகிவிடுவார்கள் என்று, செயலாளர் ரகசிய வாக்கெடுப்பை அறிவித்தார். பிஸ்கட் டின் ஒன்றின் மூடியைக் கத்தியால் நீளமாகக் கீறியிருந்தார்கள். தலைக்கு ஒரு வெள்ளைத் தாள்.

தாள் கைக்கு வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. "ஐயாவுக்குச் சுகர் எறங்கிருச்சு போலருக்குலா" என்று பக்கத்து நாற்காலிப் பெண் மிட்டாய் நீட்டினார்.

சர்க்கரை இல்லை, டிரெசர். நீங்கள்தான். நீங்கள் இறந்துவிட்டதாக நாகப்பட்டினத்திலிருந்து உங்கள் மகள் எழுதியது போன மாதம்தான் வந்தது.

நம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில், புண்ணுக்கு மருந்து கட்ட ஒரு டிரெசர், ஏராளமான அயோடின். அயோடின் எரியும்போது அழாமல் இருக்க, நீங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டு ஜனநாயகம் சொல்வீர்கள். சின்னக் கீறலுக்கு இங்கிலாந்து: பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, முடிந்தது. தையல் போடுமளவு காயத்துக்கு இந்தியா. அங்கே முதல் பொதுத்தேர்தல் முடிந்திருந்த சமயம். எழுதத் தெரியாதவர்களுக்காக வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு படம் என்று அந்தக் கதை நீளமாகப் போகும்.

பால்வெட்டு அஞ்சலை காலில் ஆறாத புண்ணோடு வாரம் மூன்று நாள் வருவாள். உலகத்தில் பாதியைக் கேட்டு முடித்திருந்தாள்.

"ஆஸ்திரேலியாவுல ஓட்டுப் போடலன்னா அபராதம், அஞ்சல."

"இங்க வாயத் தொறந்தாலே அபராதம்லா. சுவிஸ்ல பொம்பளைக்கு ஓட்டு இல்லன்னீங்களே, அவளுகளும் பால்மரம் வெட்டப் போயிட்டாளுகளா? சரி, நம்ம தொரைய யாரு தேர்ந்தெடுத்தா?"

"லண்டன் கம்பெனியில ஆறு பேரு. அதுவும் ஜனநாயகந்தான், அந்த ஆறு பேருக்கு."

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையை அப்படியே போட்டுவிட்டு நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். என்னிடம் ஒருநாள் சொன்னீர்கள்: "எந்த நாடா இருந்தாலும் பெட்டியில ஓட்ட ஒண்ணு இருக்கும், கிராணியாரே. உள்ள போனது யாரோடதுன்னு தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

காட்டிலிருந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அரசு அறிவித்த அவசரகாலம் வந்து, நம் ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி ஏறியிருந்தது. அரிசிக்கு அளவு, வெளியே போவதற்கு நேரம். காட்டுக்குள்ளிருந்து வந்தவர்கள் அடுத்த தோட்டத்து லோரியை எரித்தார்கள். மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் திடலுக்குப் போலீஸ் லோரி ஒன்று வந்தது. துப்பாக்கிகளுக்குப் பிறகு, கறுப்புச் சாயம் பூசிய ஒரு பெட்டி இறங்கியது. மேலே ஒரு ஓட்டை. ஆளுக்கொரு வெள்ளைத் தாள்.

வெள்ளைக்கார அதிகாரி சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டும். கையெழுத்து வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. இதுவரை சிரமமில்லை. காட்டு ஆட்களுக்கு உதவும் கூட்டத்தின் 'ரிங்லீடர்' யார் என்று எழுதிப் போட வேண்டும். இங்கேதான் சிரமம். எதிரே அதிகாரி, முதுகுக்குப் பின்னால் காடு. காட்டு ஆட்களைப் பற்றி நான் வாயைத் திறந்த செய்தி அன்றைக்கே காட்டுக்குப் போய்விடும். அந்தப் பகுதியை விழுங்கிவிட்டேன்.

"பேரு போட வேணாம். இங்க தலைவர் யாருன்னு எழுதி, மடிச்சு, பெட்டியில போடுங்க."

அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த வரிசை மலர்ந்தது.

"டிரெசரையா, பெட்டி வந்துருச்சு!" என்றாள் அஞ்சலை. "படம் இல்ல. இங்கிலாந்து மாதிரி!"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"அஞ்சல, வெறுந்தாளாப் போடு. எல்லாருகிட்டயும் சொல்லு" என்றீர்கள், உதடு அசையாமல்.

"எலெக்சன்ல நிக்கிறவங்க அப்படித்தான் வேணாம் வேணாம்பாங்க" என்று சிரித்துவிட்டு, எழுதத் தெரியாத நாலு பேருக்கும் அவளே எழுதிக் கொடுத்தாள்.

மதியம் ஆபீஸ் மேசையில் பெட்டியைத் திறந்தார்கள். தமிழை வாசிக்க நான். முதல் தாளில் உங்கள் பெயர். அடுத்ததில் உங்கள் பெயர். அதற்கடுத்ததிலும். வேறு பெயரை வாசித்திருக்கலாம். யார் பெயரை? இரண்டே தாள்கள் வெறுமையாக இருந்தன. ஒன்று உங்களுடையதாக இருக்கும், மற்றது என்னுடையது.

"இவ்வளவு ஒருமனதாக எங்கள் நாட்டில்கூட நடந்ததில்லை" என்றார் அதிகாரி. சிரிக்கவில்லை. 'ஐயா, இவர்கள் இதைத் தேர்தல் என்று நினைத்துவிட்டார்கள். பிழை என் மொழிபெயர்ப்பில்' என்று மனத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கட்டினேன். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். இருமுறை சரிபார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால், உங்களை ஏற்றிப் போக நின்ற ஜீப்பில் இன்னொருவருக்கும் இடமிருந்தது.

ஏறும்போது நீங்கள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அஞ்சல காலுக்கு நாளைக்குக் கட்டு மாத்தணும், கிராணியாரே."

அவள் முள்கம்பி ஓரமாக நின்றிருந்தாள். "ஜெயிச்சவங்கள ஜீப்புலயா கூட்டிட்டுப் போவாங்க?" என்று என்னைக் கேட்டாள். மொழிபெயர்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வழக்கு இல்லை, விசாரணை இல்லை. தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு உங்களைக் கப்பலேற்றினார்கள், இரண்டு வயதில் நீங்கள் விட்டுவந்த இந்தியாவுக்கு. சில ஆண்டுகள் கழித்து ஒரு கடிதம் வந்தது. "இங்கே எனக்கு ஓட்டு இருக்கிறது. படம் ஒட்டிய பெட்டிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். யாரை மாட்டிவிடுவது என்று தெரியவில்லை." 'தலைவர்' என்ற அந்தச் சொல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், வாசிக்க ஆளில்லாதபோது.

நேற்று நானும் என் தாளை மடித்து டின்னுக்குள் போட்டேன். செயலாளர் எண்ணினார். பச்சைக்குப் பதினொன்று. நீலத்துக்குப் பதினொன்று. எதுவும் எழுதாத தாள் ஒன்று. கதவுக்கு வண்ணம் அடிப்பது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.